தீவகத்துக் கன்றுகளும் நுண்ணுயிர்கொல்லிகளுக்கு மாற்றான தீன்சேர்க்கைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கடலிடையே கிடக்கும் தீவுகளை ஒருங்கே தீவகம் என வழங்குதல் மரபு. அவற்றுள் நிலப்பகுதியிலிருந்து நெடுந்தொலைவிற் கிடப்பதாகிய நெடுந்தீவுக்குப் பசுத்தீவு என்றொரு பழம்பெயரும் உண்டு. போர்த்துக்கேயரும் பசுக்களின் தீவு என்னும் பொருள்படவே தம் மொழியில் அதனை வழங்கினர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டியபோது நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இன்று நெடுந்தீவு என்றதும் வெளியூரார்க்கு நினைவில் எழுவன முருகைக்கல் மதில்களும் கட்டற்றுத் திரியும் மட்டக்குதிரைகளுமே. தீவின் பெயரில் இருந்த பசுவைக் குதிரை மறைத்துவிட்டது எனலாம்.

தீவகத்தின் மாடு வளர்ப்பு பெரும்பண்ணைத் தொழிலன்று. 1990ஆம் ஆண்டின் பின் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட மாடுகள் கட்டாக்காலிகளாய்ப் பெருகின. மீண்டு வந்தோரிற் பலர் இரண்டு மூன்று பசுக்களைக் கொட்டிலிற் கட்டி வளர்ப்போராவர். இத்தகைய வீட்டில் ஒரு கன்று இறப்பின் இழப்பு இருவகையாகும். நாகு கன்றாயின், மூன்று நான்கு ஆண்டுகளிற் பசுவாகிப் பயன்தர வேண்டிய செல்வம் போயிற்று. மற்றை இழப்பு அன்றே நேர்வது. எமது நாட்டுப் பசுக்களும் அவற்றின் கலப்பினங்கள் பலவும் கன்று முட்டிச் சுரக்கச் செய்தாலன்றிப் பால் விடுவதில்லை. இறந்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன்னே நிறுத்தும் பழைய வழக்கம் இக்காரணம் பற்றியே எழுந்தது. எனவே, கன்று கழிச்சல் கண்டவுடன் வீட்டார் பதறுவதிலும், கைக்கெட்டிய மருந்துத் தூளைப் பாலிற் கலந்து புகட்டுவதிலும் வியப்பில்லை. அத்தூள் பெரும்பாலும் தெத்திராசைக்கிளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கொல்லியாகும். விலை சிறிது, வெப்பத்தில் எளிதிற் கெடுவதில்லை, குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணத்தின் பின்னும் அதன் வலிமை குன்றுவதில்லை. கால்நடை வைத்தியர் வருவதற்கோ படகு வேண்டும். கடல் அமைதியாய் இருத்தலும் வேண்டும்.

இத்தூளுக்கு மாற்றாகக் கன்றின் பாலிலோ தீனிலோ சேர்க்கத்தக்கவை எவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, தீவகச் சூழலில் எவை பொருந்தும் என்பனவற்றை நாம் இக்கட்டுரையில் நோக்குவோம்.

நுண்ணுயிர்கொல்லி விலங்குத்தீனில் நுழைந்த வரலாறு தற்செயலாய் நேர்ந்தது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ், ரொபேட் ஸ்ரொக்ஸ்ராட் என்போர் உயிர்ச்சத்து பி12க்கு மலிவான மூலம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். 1948ஆம் ஆண்டு அறிமுகமான ஓரியோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நொதிக்கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டினர். குஞ்சுகளோ அக்கழிவிலிருந்த உயிர்ச்சத்தின் அளவாற் கூடியதற்கு மேலாக வளர்ந்தன. கழிவில் எஞ்சியிருந்த மருந்தே வளர்ச்சியைத் தூண்டிற்று என்பது விரைவிற் புலனாயிற்று. 1950ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானபின் பன்றிக்கும் கன்றுக்கும் இம்முறை பரவிற்று. கன்றுகளில் நடந்த அக்காலச் சோதனைகளிற் கழிச்சல் குறைந்தது, நிறை கூடிற்று. அழுக்கும் நெருக்கமும் மிகுந்த தொழுவங்களிலே இப்பயன் பெரிதாகவும், தூய கொட்டில்களிலே சிறிதாகவும் காணப்பட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. மருந்து வளர்ச்சியைக் கொடுத்தது என்பதைவிட, அழுக்கு அபகரித்த வளர்ச்சியின் ஒரு பகுதியை மீட்டுக் கொடுத்தது என்பதே பொருந்தும்.

இதற்கு உலகம் கொடுத்த விலையும் முதன்முதற் பெரிதாய் வெளிப்பட்டது கன்றுகளிடத்தேயாம். 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வியாபாரிகள் பல பண்ணைகளிலிருந்து பால்குடிக் கன்றுகளைத் திரட்டி ஒன்றாக அடைத்து, மீண்டும் பல இடங்களுக்கு அனுப்பினர். நெருக்கத்திற் சல்மொனெல்லா நோய் பரவியது. அதனை அடக்கப் பல மருந்துகள் தாராளமாக ஊட்டப்பட்டன. இலண்டன் கொலின்டேலில் இருந்த குடல்நோய் ஆய்வுகூடத்தின் தலைவர் ஈ. எஸ். அன்டர்சன், 29ஆம் வகை என இலக்கமிடப்பட்ட சல்மொனெல்லா ஒன்றே மருந்துக்கு மருந்து எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டு கன்றுகளிலிருந்து மனிதருக்குத் தாவியதைப் படிப்படியாகக் காட்டினார். எதிர்ப்பாற்றல் ஒரு பற்றீரியத்திலிருந்து வேறினப் பற்றீரியத்துக்குக் கைமாறக்கூடியது என்பதை அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே யப்பானிய அறிஞர் கண்டிருந்தனர். இவ்விரண்டின் விளைவாகப் பிரித்தானிய அரசு நியமித்த சுவான் குழு, மனிதரைக் குணப்படுத்தும் நுண்ணுயிர்கொல்லிகளை வளர்ச்சிக்கெனத் தீனிற் சேர்த்தலாகாது என்று 1969ஆம் ஆண்டு அறிக்கையிட்டது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறலாம். 1976இல் அமெரிக்கரான ஸ்ருவட் லெவி, தெத்திராசைக்கிளின் கலந்த தீனை உண்ட கோழிகளின் குடற்பற்றீரியங்கள் ஒரு வாரத்துள் எதிர்ப்பாற்றல் பெற்றதையும், சில மாதங்களில் அப்பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அவ்வாற்றல் தோன்றியதையும் வெளியிட்டார். அக்குடும்பத்தார் அம்மருந்தை உட்கொண்டவரல்லர். சுவீடன் 1986இல் வளர்ச்சிக்கான நுண்ணுயிர்கொல்லிகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி முதலாம் நாள் அத்தடை நடைமுறைக்கு வந்தது. 2022 ஜனவரி தொடக்கம் நோயற்ற விலங்குக் கூட்டங்களுக்கு வழக்கமாக மருந்தூட்டுதலும் அங்கு விலக்கப்பட்டது. இந்தியா 2019இல் கொலிஸ்ரின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுத்தலைத் தடுத்தது. இலங்கையும் 2017 முதல் 2022 வரையான தேசியத் திட்டமொன்றை எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தற்கென வகுத்தது. சட்டங்கள் பெரும்பண்ணையையும் தீன் ஆலையையும் நோக்கியே பேசுகின்றன. கொட்டிலிற் கட்டிய ஒற்றைக் கன்றின் வாயில் வீட்டார் ஊற்றும் தூளை எந்தச் சட்டமும் சென்று பார்ப்பதில்லை.

மாற்றுகளை ஆராயுமுன் கன்றின் வயிற்றை அறிதல் வேண்டும். மாடு அசைபோடும் விலங்கெனினும் கன்று பிறக்கும்போது அவ்வாறன்று. வளர்ந்த மாட்டின் நான்கு இரைப்பைகளுள் மிகப் பெரியதாகிய முதலிரைப்பை பிறந்த கன்றிற் சிறிதாயும் தொழிலற்றதாயும் இருக்கும். கன்று பால் உறிஞ்சும்போது களத்தின் அடியிலுள்ள தவாளிப்பு ஒன்று குழாய்போல் மூடிக்கொள்ள, பால் நேரே நான்காம் இரைப்பையை அடைந்து அங்கே உறைகின்றது. ஆகவே முதல் மூன்று வாரங்களிற் கன்று ஏறக்குறைய எம்மைப் போன்ற ஒற்றை வயிற்று உயிரே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கன்றின் சிறுகுடலிற் கரும்புவெல்லத்தைப் பகுக்கும் நொதியம் இல்லை. பாலிலுள்ள இலத்தோசையும் குளுக்கோசையும் அது ஏற்கும், சீனியை ஏற்காது. இவ்வுண்மை பின்னர் எமக்குப் பயன்படும்.

கன்று பிறக்கும்போது அதன் குருதியிற் பிறபொருளெதிரிகள் இல்லாத நிலையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். மனிதரிற் சூல்வித்தகத்தின் வழியாகத் தாயின் பிறபொருளெதிரிகள் சேயை அடைகின்றன. பசுவின் சூல்வித்தகம் அவற்றைக் கடத்துவதில்லை. அவை முழுவதும் கடும்புப்பாலின் வழியே கன்றைச் சேர வேண்டும். அதற்கும் காலவரையறை உண்டு. பிறந்த சில மணி நேரத்திற் கன்றின் குடல் அப்பெரிய புரதங்களைச் சிதைக்காது உள்ளே விடும். நேரஞ்செல்ல அவ்வாயில் ஒடுங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மூடிவிடும். கன்றின் நிறையிற் பத்திலொரு பங்கு கடும்புப்பால் முதல் ஆறு மணி நேரத்தில் உட்செல்லல் நன்று. இருபது கிலோகிராம் நிறையுள்ள கன்றுக்கு இது இரண்டு லீற்றராகும்.

எமது ஊர்களில் இளங்கொடி விழும்வரை கன்றை மடியில் விடாத வழக்கம் சில வீடுகளில் உண்டு. இளங்கொடியைச் சாக்கிற் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தோடு எமக்குப் பிணக்கில்லை. பசுவுக்குப் பால் பெருகும் என்ற நம்பிக்கை எவருக்கும் ஊறு செய்வதன்று. ஆனால் இளங்கொடி விழ ஆறு, எட்டு மணி நேரம் செல்லக்கூடும். அந்நேரமெல்லாம் கன்று பசித்துக் கிடப்பின், மூடிக்கொண்டிருக்கும் வாயிலின் முன்னே காலத்தை இழந்து நிற்கிறது. கடும்புப்பாலைக் காய்ச்சிச் சீனியிட்டு அயலார்க்குப் பகிர்தலும் இனிய வழக்கமே. கன்று குடித்து எஞ்சியதைப் பகிர்தல் வேண்டும். எந்தத் தீன்சேர்க்கையும் கடும்புப்பாலுக்கு ஈடாகாது. இதனைப் பெறாத கன்றுக்கு நூறு ரூபாய்ச் சேர்க்கையும் ஆயிரம் ரூபாய்ச் சேர்க்கையும் ஒன்றே.

இனிக் கழிச்சலின் காரணங்கள். முதல் நான்கைந்து நாளில் வருவது பெரும்பாலும் ஈ. கோலி என்னும் பற்றீரியத்தின் ஒருவகையால் ஆவது. ஐந்தாம் நாள் முதல் இரண்டாம் வாரம் வரை ரோட்டா வைரசும் கொரோனா வைரசின் மாட்டினமும், முதல் மூன்று வாரங்களிற் கிரிப்ரொஸ்போரிடியம் என்னும் ஓரணு உயிரும் காரணமாகலாம். வெப்ப நாடுகளில் இவற்றோடு பெரிய வட்டப்புழு ஒன்றும் சேர்கிறது. அது தாயின் பால் வழியாகவே கன்றை அடைந்து இரண்டாம் மூன்றாம் வாரங்களிற் களிமண் நிறமான நாற்றக்கழிச்சலை உண்டாக்கும். இலங்கையின் எருமைக் கன்றுகளில் இது பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையிற் புழுமருந்து ஒருமுறை கொடுத்தால் அது தீரும். இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓருண்மை தெளிவாகும். வைரசையோ ஓரணு உயிரையோ புழுவையோ தெத்திராசைக்கிளின் தீண்டுவதில்லை. தூளை ஊற்றிய கன்று மூன்றாம் நாள் எழுந்து நின்றால் தூளுக்குப் புகழ் சேர்கிறது. வைரசுக் கழிச்சல் மூன்றாம் நாளிலே தானாகவும் தணிவதை எவரும் எண்ணுவதில்லை. அன்றியும் சில நுண்ணுயிர்கொல்லிகள் குடற்சடைமுளைகளைப் பாதித்துத் தாமே கழிச்சலை உண்டாக்குவதும் உண்டு.

மறைவாய் நுழையும் நுண்ணுயிர்கொல்லி ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். மடிநோய்க்கு ஊசி மருந்து ஏற்றிய பசுவின் பாலை விற்கலாகாது என்பதை இன்று பலரும் அறிவர். விற்க முடியாத அப்பாலை வீணாக்க மனமின்றிக் கன்றுக்கு விடுகின்றனர். இதனாற் கன்றின் குடலிலுள்ள பற்றீரியங்கள் சிற்றளவு மருந்தோடு நாள்தோறும் பழகுகின்றன. எதிர்ப்பாற்றலை வளர்க்க இதனினும் எளிய வழியில்லை.

மாற்றுகளுள் முதலில் வைத்தெண்ணத்தக்கவை நன்மைதரும் உயிர்நுண்ணங்கள். 1907ஆம் ஆண்டளவில் ரசியப் பிறப்பினரான மெச்னிக்கோவ் தயிரிலுள்ள இலத்திரிக்கமிலப் பற்றீரியங்கள் குடலின் தீய பற்றீரியங்களை அடக்கும் எனக் கருதினார். அக்கருத்தின் வழித்தோன்றல்களே இன்று விற்பனையாகும் இலத்தோபசிலசு, என்ரரோகொக்கசு, பிபிடோபற்றீரியம், பசிலசு முதலியன. இவை அமிலத்தைச் சுரந்தும், குடற்சுவரில் இடத்தைப் பற்றிக்கொண்டும், கன்றின் காப்புத் தொகுதியைத் தூண்டியும் தொழிற்படுகின்றன. பல சோதனைகளை ஒன்றுதிரட்டி நோக்கிய ஆர்ஜென்ரீன ஆய்வாளர் 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிபுகள் சிந்தனைக்குரியன. இலத்திரிக்கமிலப் பற்றீரியங்கள் கழிச்சலைக் குறைத்தமை முழுப்பால் குடித்த கன்றுகளிலே தெளிவாகத் தெரிந்தது. நிறையைக் கூட்டியமையோ மாற்றுப்பால் குடித்த கன்றுகளிலே தெரிந்தது. ஆகவே 'நல்லது' என்னும் ஒரு சொல்லால் இவற்றை விற்பது பொருந்தாது. எம்முடைய கன்றுகள் தாயிடம் முழுப்பால் குடிப்பன. நாம் இவற்றிடம் எதிர்பார்க்கத்தக்கது கழிச்சற் குறைவேயன்றிக் கொழுத்த வளர்ச்சியன்று.

மோரை ஊற்றினாற் போதாதா என்று தீவகத்தார் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தயிரை உறையச் செய்யும் பற்றீரியங்கள் பாலில் வாழப் பழகியவை. கன்றின் குடலிற் குடியேறித் தங்கும் ஆற்றல் அவற்றிற் பெரும்பாலனவற்றுக்கு இல்லை. வீட்டு உறையில் எவ்வினம் எவ்வளவு உண்டு என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். மோரின் அமிலத்தால் ஒரு சிறு நன்மை உண்டு, அவ்வளவே. எனினும் அதே அமிலத்தை வேறு வழியிற் பயன்படுத்தலாம். 1970களில் அமெரிக்கப் பண்ணைகளில் மிகுதியான கடும்புப்பாலைப் புளிக்கவிட்டுப் பல நாட்களுக்கு வைத்துக் கன்றுகளுக்கு ஊட்டும் முறை விரிவாக ஆராயப்பட்டது. புளித்த பாலிற் கேடு செய்யும் பற்றீரியங்கள் பெருகுவதில்லை. ஆனால் முப்பது பாகை செல்சியசு வெப்பத்தில் தானாகப் புளிக்கவிடுதல் இடர். புளித்தலுக்கு முன் அழுகல் முந்திவிடும். நல்ல உறை இட்டே புளிக்கச் செய்தல் வேண்டும். போமிக்கமிலம் சேர்த்துப் பாலின் பீ.எச். பெறுமானத்தை நான்குக்கும் நாலரைக்கும் இடையே கொணரும் முறை பின்லாந்திலும் கனடாவிலும் வழங்குகிறது. அது குளிர்ந்த பாலுக்கு உரியது. எமது வெப்பத்தில் அமிலம் பட்டவுடன் பால் திரைந்துவிடும். அமிலமோ தோலை எரிப்பது. இதனை நாம் தீவகத்துக்குப் பரிந்துரையோம்.

மதுவமும் அதன் கலச்சுவரும் அடுத்த வகையின. மதுவக் கலச்சுவரிலுள்ள மனோசுச் சர்க்கரைத் தொடர்கள், குடற்சுவரைப் பற்ற முயலும் பற்றீரியங்களின் நுண்மயிர்களிற் போய் ஒட்டி அவற்றை ஏமாற்றி வெளியேற்றுகின்றன என்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட சோதனையில், இச்சேர்க்கையை உண்ட கன்றுகளும் நுண்ணுயிர்கொல்லி உண்ட கன்றுகளும் சாணத்தின் இறுக்கத்தில் ஒத்த நன்மையைக் காட்டின. ஆயினும் முதல் வாரக் கழிச்சலுக்குக் காரணமான ஈ. கோலி வகையின் நுண்மயிர்கள் மனோசை நாடுவனவல்ல. எனவே இச்சேர்க்கைக்கு முதல் நாட்களிற் பெரும்பயன் எதிர்பார்த்தல் தகாது.

மதுவம் என்றதும் எமக்குப் பனங்கள் நினைவில் எழுதல் இயல்பே. 1980களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தெய்வேந்திரராஜாவும் அவருடன் பணியாற்றியோரும் பனங்கள்ளின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து, மதுவங்களும் பற்றீரியங்களும் அதிற் கூடிவாழும் முறையை வெளியிட்டனர். கள்ளின் அடிமண்டி மதுவம் செறிந்தது. அதனை அப்படியே கன்றுக்கு ஊற்றலாமோ எனின், கூடாது என்போம். அதில் மதுசாரம் உண்டு. பகுபடாத கரும்புவெல்லமும் எஞ்சியிருக்கும். மேலே கூறிய நொதியக் குறையாற் கன்றின் குடலில் அது நீரை இழுத்துக் கழிச்சலை மிகுவிக்கும். கொதிக்கவைத்து மதுசாரத்தைப் போக்கிக் கழுவியுலர்த்திய மண்டி, தின்னத் தொடங்கிய கன்றின் தீனிற் சேர்க்கத்தக்க புரதமாகும்.

பனையைப் பற்றி இன்னுமொன்று. ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழுங்காலத்தில் தீவக மாடுகள் அதனை விரும்பித் தின்பதை யாவரும் அறிவர். பனம்பழச் சாற்றின் கைப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் சேர்வைகளை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் குழுவினர் 1990கள் தொட்டு ஆராய்ந்தனர். அவற்றுட் சில நுண்ணுயிர்களை அடக்குவன. இதைக் கேட்டவுடன் 'நாட்டு நுண்ணுயிர்கொல்லி கிடைத்துவிட்டது' எனத் துள்ள இடமுண்டு. ஆனால் அதே ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின: சுண்டெலிகளின் குடலிற் குளுக்கோசு உறிஞ்சப்படுவதை இவை தடுத்தன. உடல் பருத்த மனிதர்க்கு இது வேண்டியதாகலாம். வளரவேண்டிய கன்றுக்கு வேண்டாதது. பெரிய மாட்டின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இத்தகைய சேர்வைகளைச் சிதைக்கவல்லன. பால்குடிக் கன்றுக்கு அத்துணை இல்லை. எனவே பனம்பழத்தைத் தாய்ப்பசுவுக்கு விடுவோம்.

வாசனைச் சரக்குகளிடம் எமக்கு நம்பிக்கை கூடுதல். ஓமத்திலுள்ள தைமோல், கறுவாவிலுள்ள சின்னமல்டிகைட்டு, கராம்பிலுள்ள இயூசினோல், உள்ளியை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் ஆகியன பற்றீரியங்களை அடக்குவன. ஐரோப்பியத் தீன் ஆலைகள் 2006இன் தடைக்குப்பின் நாடிச்சென்ற பொருள்களுள் இவை முக்கியமானவை. வயிற்றுநோவுக்கு ஓமநீர் கொடுக்கும் எமது கிழவியர் இதனைக் கேட்டு வியப்புறார். தமிழ்நாட்டிற் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து தொகுத்துச் செம்மைப்படுத்திய மரபுக் கால்நடை மருத்துவ முறைகளை இந்தியத் தேசியப் பால்வள வாரியம் இன்று பரப்பிவருகிறது. கழிச்சலுக்கு அம்முறை கூறுவன சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம், உள்ளி, வெங்காயம், கறிவேப்பிலை முதலியன. பிள்ளைப்பேற்றின் பின் எமது வீடுகளில் அரைக்கும் பத்தியச் சரக்கின் உறவினர் எனலாம். இவற்றோடு வெல்லமும் சேர்க்கப்படுகிறது. மூன்று வாரத்துக்குட்பட்ட கன்றுக்காயின் வெல்லத்தை விலக்குதல் நன்று என்பது எமது கருத்து. அளவிலும் கவனம் வேண்டும். மிகுந்த காரம் கன்றைப் பாலிலிருந்தே விலக்கிவிடும். நன்மைதரும் பற்றீரியங்களும் இச்சரக்குகளால் அடங்கக்கூடும்.

பியூத்திரிக்கமிலத்தின் உப்பைப் பாலிற் சேர்க்கும் முறை குடற்சடைமுளைகளை வளர்ப்பது. ஆனால் அவ்வமிலத்தை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. கன்று தவிடும் பிண்ணாக்கும் கலந்த தீனைச் சிறிது சிறிதாக உண்ணத் தொடங்கினால், முதலிரைப்பையில் நொதித்தல் நிகழ்ந்து பியூத்திரிக்கமிலமும் புரோபியோனிக்கமிலமும் அங்கேயே பிறக்கும்; அவையே இரைப்பையின் உட்சுவரை வளர்க்கும். இரண்டாம் வாரத்தில் ஒரு பிடி கன்றுத்தீனை வாயருகே வைத்தல் மலிவான தீன்சேர்க்கை எனத் தயங்காது கூறுவோம். எள்ளுப் பிண்ணாக்கு, அரிசித்தவிடு, இடித்த சோளம், உலர்ந்த முருங்கையிலை என்பன தீவகத்திலும் கிடைப்பன. பனையோலை வார்ந்து பெரிய மாட்டுக்குப் போடுவது போலக் கன்றுக்கும் நாருணவை முதலிற் போடுதல் பயனற்றது; அது வயிற்றை நிரப்புமேயன்றி இரைப்பையை வளர்க்காது.

இவையெல்லாம் தடுப்பு முறைகள். கழிச்சல் கண்ட கன்றைக் கொல்வது பெரும்பாலும் நோய்க்கிருமியன்று. நீரும் உப்பும் இழத்தலே. இழந்ததை வாய்வழியே ஈடுசெய்தல் முதற்சிகிச்சை. ஈண்டுத் தீவகத்துக்கே உரிய இடர் ஒன்று குறுக்கிடுகிறது. தீவகக் கிணறுகள் பல உவர்நீரின. உப்பும் குளுக்கோசும் அளந்து பொதிசெய்த தூளை உவர்நீரிற் கரைத்தால், உப்பு அளவு மீறிக் கன்றின் மூளையைத் தாக்கும். வலிப்பு வந்து கன்று மடியும். வேலணையிற் சாட்டிக் கிணற்று நீர், நெடுந்தீவிற் சாறாப்பிட்டி நீர், அன்றேல் சேமித்த மழைநீர் ஆகியனவே இதற்கு ஏற்றன. கன்றுக்கெனச் செய்த பொதி கிடையாவிடத்து மனிதருக்கான ஜீவனிப் பொதியை அவசரத்துக்குக் கொள்ளலாம். அதிலுள்ளது குளுக்கோசு ஆதலின் தீங்கில்லை. வீட்டுச் சீனியும் உப்பும் கலந்து கொடுத்தல் பிள்ளைக்கு உதவும், கன்றுக்கு உதவாது. பனங்கட்டிக்கும் இதுவே விதி. பாலை நிறுத்தலும் கூடாது. பாலுக்கும் உப்புக்கரைசலுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுதல் போதும்.

நுண்ணுயிர்கொல்லியை முற்றாக விலக்க வேண்டும் என்பார் உளர். நாம் அவ்வாறு கூறோம். காய்ச்சலும் சோர்வும் உடைய கன்று, சாணத்திற் குருதி கண்ட கன்று, தொப்புள் வீங்கிய கன்று ஆகியவற்றுக்கு அம்மருந்து உயிர்காக்கும். கால்நடை வைத்தியர் குறித்த அளவில் குறித்த நாட்கள் அது கொடுக்கப்படல் வேண்டும். அமெரிக்கப் பண்ணை ஒன்றில் நடத்திய ஆய்வில், கழிச்சல் கண்ட எல்லாக் கன்றுக்கும் மருந்தூட்டுவதைவிடக் காய்ச்சலும் சோர்வும் கண்டவற்றுக்கே ஊட்டியபோது கழிச்சல் நாட்கள் குறைந்தன, செலவும் குறைந்தது.

எச்சேர்க்கையைத் தீவகத்துக்கு முதலிற் கொணர்வது என்பதற்குப் படகும் வெப்பமும் விடை சொல்கின்றன. இலத்தோபசிலசு போன்றவை குளிரூட்டியில் வைக்க வேண்டியவை. கடைத்தட்டில் ஒரு மாதம் கிடந்தால் உயிரிழந்த தூளாகிவிடும். பசிலசு இனமோ வித்தி உருவில் உறங்கிக் கிடந்து வெப்பத்தையும் உலர்வையும் தாங்கும். ஆதலின் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் சோதிக்கத்தக்கது பசிலசு வித்திகளும் ஓமமுமே என்பது எமது துணிபு. சோதனை பெரும்பொருட்செலவு வேண்டுவதன்று. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரிக்கு ஒன்றும் வறண்ட கோடைக்கு ஒன்றுமாக இரு பருவங்களிற் பிறக்கும் கன்றுகளை மூன்று பிரிவாக்கி, ஒன்றுக்கு வித்தியும் ஒன்றுக்கு ஓமமும் கொடுத்து, மூன்றாவதை வெறும் பாலோடு விடலாம். எல்லாவற்றுக்கும் கடும்புப்பால் முதல் ஆறு மணி நேரத்திற் கிடைத்தல் உறுதிசெய்யப்பட வேண்டும். அன்றேல் ஒப்பீடு பொய்யாகும். கழிச்சல் கண்ட நாட்களையும் ஊட்டிய மருந்தையும் வீட்டாரே ஒரு கொப்பியிற் குறிக்கலாம். தராசு இல்லாவிடத்து, வாரம் ஒருமுறை முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சின் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்தால், நிறையின் ஏற்றத்தை அதிலிருந்து கணிக்கலாம்.